புரட்டிய கல்

“கல்லைப் புரட்டத் தெரியுது. திருப்பி வைக்கத் தெரியலையாம்மா?”

பாம்பன் பக்கம் முழங்காலளவுத் தண்ணீரில் நின்றபடி, பாசி எடுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கையில் மரிக்கொழுந்துப் பாசி நிறைந்த சாக்கு, விரல்களில் சுற்றிய துணி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. நான் அன்று காலையிலிருந்து பதினேழு கற்களைப் புரட்டியிருந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த நண்டு, நத்தை, புழுக்களை எண்ணி எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் கற்கள் வயிறு தெரிய மல்லாந்து கிடந்தன.

அவர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு. அதன் ஓரமாகச் சுண்ணாம்புக் குழாய்களில் புழு வீடுகள். ஒரு குழிவில் சோழி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. “முட்டை மேல உக்காந்திருக்கு பாரு. வெயிலு பட்டா வெந்துபோகும்.” கல்லை அது கிடந்த அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழாக இறக்கினார். காலால் லேசாக அழுத்திப் பார்த்தார். “ஆடக்கூடாது. ஆடுச்சுன்னா அடுத்த அலையில பெரண்டுரும்.”

அன்றைக்கு நானும் அவருமாகப் பதினேழு கற்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தோம். அவருடைய பாசி நேரத்தில் அரை மணி போய்விட்டது. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று இந்தக் கரைப் பெண்கள் தங்களுக்குள் கட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு நாளின் அரை மணி அது. அதனால்தான் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

நான் செய்துகொண்டிருந்தது மறைவுயிர்க் கணக்கெடுப்பு. பவளத் திட்டு என்றதும் எல்லோருக்கும் வண்ண மீன்களும் பவளமும்தான் கண்ணில் வரும். அவற்றை நீந்திப் போய் எண்ணிவிடலாம். கல்லுக்கடியில், செத்த பவளத்தின் துளைக்குள், மணலுக்குள், பாசி வேருக்குள், இன்னோர் உயிரின் உடலுக்குள்ளேகூட ஒளிந்து வாழும் முதுகெலும்பற்ற உயிர்கள்தான் எண்ணிக்கையில் பெரும்பான்மை. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று பெருங்கடல்களின் திட்டுகளிலிருந்து எடுத்த மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தம் 6.3 சதுர மீட்டர் பரப்புதான், ஒரு சின்ன அறையின் அளவு. அதில் நண்டு, இறால் கூட்டத்தில் மட்டும் 525 வகைகள் இருந்தன. நியூ கலிடோனியாத் தீவின் ஒரு கரையில் 295 சதுர கிலோமீட்டருக்குள் சிப்பி, நத்தை இனங்களை மட்டும் தேடியவர்களுக்கு 2,738 இனங்கள் கிடைத்தன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு இனங்களுக்கு ஒரே ஒரு உயிர்தான் அகப்பட்டது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அத்தனை பேர் அத்தனை நாள் தேடியும் ஒரு முறை மட்டுமே கண்ணில் பட்ட உயிர் அவ்வளவு இருந்தால், படாமலே போனது எவ்வளவு?

எங்கள் இடம் மன்னார் வளைகுடா. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி வரிசையாக 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. மண்டபம் பக்கத்துக் குழுவில் குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு எல்லாம் வரும். சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி 1927-லேயே கிரேவ்லி தலைமையில் ஒரு தொகுதி வெளியிட்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் படித்தவர்களுக்குப் பலனோகிளாசஸ் என்ற பெயர் நினைவிருக்கும். அந்தக் குடும்பத்துப் புழு குருசடையின் மணலுக்குள் இருக்கிறது. முதன்முதலாக அது மணலில் சுருட்டிச் சுருட்டி விட்டிருந்த கழிவுக் குவியலைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. மண்வெட்டியால் தோண்டினால் துண்டாகிவிடும், அவ்வளவு மென்மை. உள்ளங்கையால் தண்ணீரை விசிறி விசிறி மணலை மெல்லக் கலைக்க வேண்டும். வெளியே வந்ததும் அயோடோஃபார்ம் வாடை அடிக்கும். பழைய ஆஸ்பத்திரி வாடை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

கடலுக்கு எப்போது போவது என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. இங்கே தெற்கே கிடக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே கிடக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் தெற்கு கலங்கிப் போகும், வடக்கு அமைதியாக இருக்கும். வாடைக்காற்று பிறந்தால் தலைகீழ். எங்கள் தீவுகள் தெற்கில் இருப்பதால் தை, மாசி, பங்குனிதான் எங்களுக்குக் காலம். முதல் வருடம் என் வசதிக்கு வைகாசியில் பத்து நாள் ஒதுக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீருக்குள் முகக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. பத்து நாளில் உருப்படியாக வேலை நடந்தது ஒன்றரை நாள்.

அடுத்தது வத்தம், அதாவது கடல் நீர் இறங்குவது. கட்ச் வளைகுடாவில் கடல் பின்வாங்கினால் பவளத் திட்டின் மேலேயே நடந்து போகலாம். இங்கே ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான். அதனால் வத்தும் நாளை விட்டுவிடக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வத்தும். அட்டமி நவமியில் போனால் கல்திட்டு தலைகாட்டாது. பஞ்சாங்கத்தையும் ஓத அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் குறிப்போம். வத்தம் முடிகிற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னாலேயே தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது தேடல், ஏறத் தொடங்கியதும் பொருட்களைச் சேர்த்துக் கரைக்குத் திரும்புதல். இதை மாற்றினால் அவசரப்படுவோம். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது கல்லைத் திருப்பி வைக்கும் வேலைதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது பாதுகாக்கப்பட்ட கடல். தேசியப் பூங்காவுக்குள் நுழையவும், எதையாவது எடுக்கவும் எழுத்தில் அனுமதி வேண்டும். 2001-ல் கடல் அட்டைகள் அத்தனையும், கல் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைக்குள் வந்துவிட்டன. செத்த பவளத் துண்டையும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. எங்கள் அனுமதியில் எந்த இடத்தில், எவ்வளவு, யார் எடுப்பது என்று எழுதியிருந்தது. அந்தத் தாளின் நகல் படகில் எப்போதும் இருக்கும். ஆர்வத்தில் கல்லைப் புரட்டிப் பார்க்க நினைக்கும் இளைஞர்கள் முதலில் பூங்காவுக்கு வெளியே, ஊர்க்கரையில், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணும் கேமராவும் போதும், அதிலேயே வருடக்கணக்கில் வேலை இருக்கிறது.

என் முதல் வருடக் குறிப்பேடுகள் நான்கு. நான்கும் கிட்டத்தட்டப் பயனில்லை. எந்தத் தீவு, எந்தத் தேதி, என்னென்ன கண்டேன் என்பதெல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் தேடினேன் என்பது மட்டும் இல்லை. இரண்டாம் வருடம் அதே திட்டில் முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வகைகள் கிடைத்தன. உயிர் பெருகியிருக்கிறது என்று மகிழ்ந்து அறிக்கையில் ஒரு பத்தியே எழுதிவிட்டேன். என் ஆசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “போன வருஷம் ஒரு கல்லுக்கு எத்தனை நிமிஷம்?” எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் முதல் வருடம் ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன். இரண்டாம் வருடம் கண் பழகி, பொறுமை வந்து, கல்லோடு இருபது நிமிடம் உட்காரத் தொடங்கியிருந்தேன். கடலில் என்ன மாறியது என்று எனக்குத் தெரியாது. என் பார்வை மாறியிருந்தது மட்டும் நிச்சயம். அந்தப் பத்தியை அடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட முறை எளிமையானது. அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று. அதற்குள் இருக்கும் புரட்டக்கூடிய கற்கள் மட்டும். சட்டத்துக்கு இருபது நிமிடம், கடிகாரம் வைத்து. இருவர் தனித்தனியாகத் தேடி, தனித்தனியாக எழுதுவது. பேசிக்கொள்ளக் கூடாது. கரைக்கு வந்து ஒப்பிட்டால் முதல் சில வாரங்களுக்கு இருவர் பட்டியலும் வேறு வேறாக இருக்கும். ஒருவர் அசைவதை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் ஒட்டியிருப்பதை மட்டும் பார்ப்பார். அந்த வித்தியாசத்தை மறைக்காமல் எழுதி வைப்பதுதான் பிற்காலத்தில் கை கொடுக்கும். ஒன்றும் கிடைக்காத சட்டத்துக்கும் ஒரு வரி உண்டு: “இருபது நிமிடம், தெளிந்த நீர், ஒன்றுமில்லை.” இந்த வரியை எழுத மாணவர்களுக்கு மனமே வராது. தோற்றுவிட்டது போல நினைத்துக்கொள்வார்கள். எனக்கோ குறிப்பேட்டிலேயே மதிப்பு மிகுந்த வரி அதுதான். 1927 பட்டியலில் இருக்கும் ஓர் உயிர் நம் பட்டியலில் இல்லையென்றால், அழிந்துவிட்டது என்று எழுதக் கை துடிக்கும். அதற்கு முன் நாம் எவ்வளவு தேடினோம் என்று காட்டக் கையில் கணக்கு இருக்க வேண்டுமே.

கல்லை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது, கரையைப் பார்த்த முனை எது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நாங்கள் நீருக்கடியிலேயே எழுதும் பிளாஸ்டிக் பலகையில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்வோம். பிறகு கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, உங்களுக்கும் கல்லுக்கும் இடையில் திறப்பு வராதபடி, உங்கள் பக்கமாக மெல்லச் சாய்த்து உயர்த்துங்கள். உள்ளே விலாங்கோ பேய்க்கணவாயோ (ஆக்டோபஸ்) இருந்தால் அது அந்தப் பக்கமாக வெளியேறிவிடும். தூக்கிய உடனே ஓடுபவை நண்டுகள், இறால்கள், பிரிட்டில் ஸ்டார்கள் (நட்சத்திர மீனின் உறவு, மெல்லிய நீண்ட கைகள் எளிதில் ஒடியும்). அவற்றை முதல் பத்து நொடியில் எண்ண வேண்டும். அதன் பிறகு நகர்பவை சோழி, சிறு நத்தைகள், தட்டைப்புழுக்கள். கடைசியில், எதுவுமே இல்லை என்று தோன்றும்போது, இன்னும் ஐந்து நிமிடம் பாருங்கள். கடற்பஞ்சின் துண்டு என்று நினைத்தது ஓடில்லாத கடல் நத்தையாக மெல்ல ஊர்ந்து போகும். கல்லின் புள்ளி என்று நினைத்தது ஒரு நண்டின் கண்ணாக இருக்கும். இந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். கல்லின் அடிப்பக்கம் இதற்குள் காய்ந்துவிடாமல் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பாருங்கள்.

தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் ஓசை கேட்கும். வாணலியில் கடுகு வெடிப்பது போன்ற இடைவிடாத படபடப்பு. ஒரு கை மட்டும் பெருத்த சொடுக்கு இறால்களின் வேலை அது. கொடுக்கு மூடும் வேகத்தில் பீறிடும் நீர், ஒரு குமிழியை உண்டாக்குகிறது. அந்தக் குமிழி உடையும் ஓசைதான் நமக்குக் கேட்பது, கொடுக்கின் விரல்கள் மோதும் ஓசை அல்ல என்பது 2000-ல் அதிவேகப் படப்பிடிப்பால் தெளிவானது. முதல் வருடம் என் பட்டியலில் சொடுக்கு இறால் இரண்டே இரண்டுதான் இருந்தது. காது ஆயிரம் என்கிறது, குறிப்பேடு இரண்டு என்கிறது. அந்த முரண்தான் கல் புரட்டுவது மட்டும் போதாது என்று எனக்கு உணர்த்தியது. அவை கல்லுக்கு அடியில் அல்ல, கல்லுக்கு உள்ளே இருக்கின்றன.

உள்ளே இருப்பதைப் பார்க்க இரண்டு வழிகளைக் கையாண்டோம். அனுமதித்த அளவு செத்த பவளச் சில்லுகளை நீருக்கடியிலேயே மெல்லிய துணிப்பையில் மூடிக் கட்டி மேலே கொண்டுவருவது ஒன்று. பையில் மூடாமல் தூக்கினால் பாதி உயிர்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். அந்தச் சில்லுகளை ஒரு வாளிக் கடல் நீரில் நிழலில் விட்டுவைத்தால், நேரம் ஆக ஆக நீரில் ஆக்சிஜன் குறையும். மூச்சு முட்டிய உயிர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நீர்மட்டத்தை நோக்கி ஏறும். பழைய முறை, இன்றும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மிச்சத்தை அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் அலசிப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் சில்லுகள் எடுத்த இடத்துக்கே போக வேண்டும்.

இன்னொரு வழி, உலகம் முழுக்க இப்போது பயன்படுத்தும் தட்டடுக்கு. ஏறத்தாழ 23 செ.மீ. சதுரத்தில் ஒன்பது பிவிசி தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கித் திட்டில் பொருத்திவிடுவார்கள். ஒன்றிலிருந்து மூன்று வருடம் கழித்து எடுத்துப் பிரித்தால், தட்டுகளுக்கு இடையில் ஒரு குடியிருப்பே உருவாகியிருக்கும். எங்கே வைத்தாலும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்பதால் ஒரு நாட்டின் கடலை இன்னொன்றோடு ஒப்பிடலாம். எந்தப் பவளத்தையும் உடைக்கவும் வேண்டாம். ஆனால் பழைய கல்லின் ஆழ்ந்த துளைகளில் வாழும் உயிர்களும் மணல் புழுக்களும் அதில் வந்து குடியேறுவது அரிது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்தால்தான் நிம்மதி.

இனி நான் பாழாக்கியவற்றைப் பற்றி. யாருக்காவது பயன்படட்டும்.

ஒரே வாளியில் எல்லாவற்றையும் போட்டேன். கரைக்கு வந்து பார்த்தால் ஒரு சிறு நண்டும் சில கால்களும் மட்டும் மிச்சம். நண்டும் இறாலும் பசியோடுதான் வாளிக்குள் வரும், அவற்றுக்குத் தனித் தனிக் குப்பி வேண்டும். பிரிட்டில் ஸ்டாரை நேரே ஆல்கஹாலில் போட்டேன். ஐந்து கையையும் ஒடித்துப் போட்டுவிட்டது. வட்டு ஓரிடம், கைகள் ஓரிடம், எது யாருடையது என்று தெரியாமல் குழம்பினேன். தட்டைப்புழு சுருண்டு கோந்து உருண்டையாகிவிட்டது. இவற்றையெல்லாம் முதலில் மயக்க வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடைக் கரைத்து, அதை அதே அளவு கடல் நீரோடு கலந்துகொள்வோம். உயிர்கள் அதில் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தளர்ந்து விரிந்துவிடும். தொட்டால் அசையாத நிலை வந்த பிறகுதான் ஆல்கஹால். இது வேலைச் சுலபத்துக்காக மட்டும் செய்வதல்ல. ஓர் உயிரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அது துடிக்காமல் போக வேண்டும் என்பது எங்கள் குழுவில் விலக்கில்லாத விதி.

பெரிய இழப்பு ஃபார்மலினால் வந்தது. முதல் வருடச் சேகரிப்பு முழுவதையும் கடையில் வாங்கிய ஃபார்மலினை நீர்த்து அதில் போட்டு வைத்தேன். ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகும் என்பது படித்ததுதான், போராக்ஸ் சேர்க்க மறந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது அரிசி அளவு நத்தைகளின் ஓடுகள் சுண்ணாம்பு உதிர்ந்து வெளுத்துப் போயிருந்தன. ஓட்டின் வரிகளை வைத்துத்தானே இனம் பிரிப்பது? டிஎன்ஏ பார்க்கலாமா என்றால், ஃபார்மலினில் ஊறியதிலிருந்து அதை எடுப்பது பெரும்பாடு. அத்தனை உயிர்களை எடுத்தும் பெயர் சொல்ல முடியாமல் போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. இப்போது 95 சதவீத எத்தில் ஆல்கஹால்தான் முதலில். மறுநாள் அதை மாற்றிப் புதிதாக ஊற்றிவிட வேண்டும், உடலில் உள்ள நீர் வந்து நீர்த்திருக்கும். மூடியை இறுக்கிக்கொண்ட நத்தைக்குள் ஆல்கஹால் போகாது, உள்ளேயே அழுகும். அதையும் மயக்கி வெளியே நீளவிட்ட பிறகே போட வேண்டும். உடலமைப்பு பார்க்க வேண்டிய சிலவற்றை மட்டும் போராக்ஸ் கலந்த ஃபார்மலினில் வைக்கிறோம்.

சீட்டை மறந்துவிடாதீர்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதி வெளியே ஒட்டியவை ஒரே மழைக்காலத்தில் போய்விட்டன. தடித்த தாளில் பென்சிலால் எழுதி, குப்பிக்கு உள்ளே போடுங்கள். இடம், தேதி, ஆழம், எந்தக் கல், எந்தப் பக்கம், எடுத்தவர். ஆல்கஹாலில் நிறம் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் உயிரோடு இருக்கும்போதே வெள்ளைத் தட்டில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, மேலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுத்துவிட வேண்டும். பல நேரம் படம் மட்டுமே போதும், உயிரைக் கல்லுக்கே அனுப்பிவிடலாம். வருடத்துக்கு வருடம் நாங்கள் எடுப்பது குறைந்து, படங்கள் கூடியிருக்கின்றன. எனக்கு அதில்தான் பெருமை.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூம்பு வடிவச் சங்குகளை வெறுங்கையால் எடுக்கவே கூடாது. அழகாக இருக்கும், சிலவற்றின் நஞ்சு ஆளைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஓரத்தில் வெள்ளை மயிர்க் கற்றைகள் கொண்ட புழுவைத் தொட்டால் கண்ணாடி இழை குத்தியது போல எரியும். ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தால் முட்கள் வரும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ், மணலில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது, ஒருபோதும் தனியாகப் போகாமல் இருப்பது. காலைத் தேய்த்தால் நாம் வருவதை அறிந்து திருக்கை விலகிப் போகும். கல்மீன் அசையாது, அதற்குத்தான் பூட்ஸ்.

எங்கள் படகோட்டி அண்ணன் முன்பு அட்டைக் குளிக்கு, அதாவது கடலில் மூழ்கிக் கடல் அட்டை எடுக்க, போனவர். 2001-க்குப் பிறகு அந்தத் தொழில் நின்றது. அவரிடம் அதைப் பற்றிப் பேச எனக்குப் பல மாதங்கள் தயக்கம். தடை நீங்க வேண்டும் என்று கரையில் பல வருடங்களாகக் கோரிக்கை இருக்கிறது, நான் தடைக்கான கணக்கை எடுக்கும் பக்கம் நிற்பவள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, மணலும் பாசியுமான ஓரிடத்தில் 50 மீட்டர் கயிறு விரித்து நீந்தினோம். வெள்ளை அட்டை ஒன்றுகூட இல்லை. “இல்லை” என்று பலகையில் எழுதியதைப் படகிலிருந்து பார்த்தவர் கேட்டார்:

“எப்ப எண்ணுறீங்க தங்கச்சி? இப்ப அது மண்ணுக்குள்ள கிடக்கும்ல. பொழுது சாய வாங்க.”

மாலை ஐந்தரைக்கு அதே கயிற்றை அதே இடத்தில் விரித்தோம். மணலில் மெல்லிய மேடுகள் தெரிந்தன. மேட்டின் நடுவில் பிளவு விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஏழு அட்டைகள் முதுகைக் காட்டி எழுந்தன. வெள்ளை அட்டை பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, பிற்பகல் கடந்து வெளியே வரும் என்று கட்டுரைகளில் படித்திருந்தேன். படித்தது ஏன் காலை பத்து மணிக்கு நினைவுக்கு வரவில்லை என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் தண்ணீரில் இறங்கவில்லை, ஒன்றையும் தொடவில்லை. விளிம்பில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார். அவர் கண்ணுக்குத் தெரிந்த மேடுகளில் பாதி எனக்குத் தெரியவில்லை.

காலை பத்து மணிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் திட்டில் அட்டையே இல்லை என்று எழுதலாம். மாலைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஏராளம் என்றும் எழுதலாம். அந்த உயிரின் எதிர்காலமும் அவரைப் போன்றவர்களின் பிழைப்பும் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. எண் தப்பானால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். அதனால் இப்போது ஒவ்வொரு இடத்திலும் காலை, மாலை, இருட்டிய பின் என்று மூன்று வேளை. இரவில் தலைவிளக்கோடு போனால் வேறொரு கடல்: பகலில் கல்லுக்கடியில் கிடந்த சோழிகள் மேலே ஏறி மேயும், பிரிட்டில் ஸ்டார்கள் துளைகளிலிருந்து கைகளை நீட்டி ஆட்டும், இறால்களின் கண்கள் விளக்கொளியில் கனல் துண்டுகளாக மின்னும். கல்லைத் தொடாமலே பாதி எண்ணிவிடலாம். முதலிலேயே இரவில் வந்திருந்தால் எத்தனை கற்கள் அசையாமல் இருந்திருக்கும்!

பதினேழு கற்களுக்குத் திரும்பி வருகிறேன். அவற்றில் நாலைந்தை நாங்கள் திருப்பி வைக்கும் முன்பே நெடுநேரம் வெயில் தின்றிருந்தது. ஒரு மாதம் கழித்துப் போய் மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். அந்தக் கற்களின் அடியில் ஆரஞ்சுப் பஞ்சு சாம்பல் பூத்து உதிர்ந்து கிடந்தது. புழுக் குழாய்கள் காலி. முதலிலேயே அக்கா கையால் பள்ளத்தில் இறங்கிய கல்லைச் சாய்த்தேன். பஞ்சு அப்படியே இருந்தது. சோழி இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில் காலியான முட்டைக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பொரித்துப் போயிருக்க வேண்டும்.

எங்கள் தரவுத் தாளின் கடைசிக் கட்டம் இப்போது “கல் வைத்தாயிற்றா, ஆடுகிறதா” என்பது. அது நிரம்பாமல் அடுத்த சட்டத்துக்குப் போகக் கூடாது.

இந்த மாசியில் இரண்டு புது மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன். ஊர்க்கரையில்தான் பயிற்சி. வேலை முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பாசிச் சாக்கோடு அக்கா எங்கள் பின்னாலேயே வந்தார். எதுவும் பேசாமல் நாங்கள் தேடிய கற்களின் மேல் ஒவ்வொன்றாகக் காலை வைத்து அழுத்திக்கொண்டே நடந்தார். ஒன்று. இரண்டு. அடுத்ததில் நின்றார்.

“மூணாவது ஆடுது.”

ஏற்றம் தொடங்கியிருந்தது. மாணவிகளில் ஒருத்தி சாமானைக் கீழே வைத்துவிட்டு முகக் கண்ணாடியை மறுபடி மாட்டினாள்.